டூர் வேனா, டைம்டேபிளா?

போன ஜூனில் ஒரு பெண் போன் செய்தாள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் புலத்தில் முதுகலை முடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையில் இரண்டு வாய்ப்பு. ஐந்து பேர் கொண்ட ஒரு குழு ஜூலையில் கிளம்பி பிப்ரவரி வரை பள்ளி பள்ளியாகப் போய் ஒரே நாடகத்தைப் போடப்போகிறது. அதில் ஓர் இடம் காலி. இன்னொன்று, கோவைப் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை நாடக வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள், வாரம் நான்கு நாள். "அக்கா, ரெண்டுல எதுக்குச் சரின்னு சொல்லட்டும்?"

நான் ஆறு வருடம் வேனில் சுற்றியிருக்கிறேன். அதன் பிறகு ஒன்பது வருடம் வகுப்பறையில் இருந்திருக்கிறேன். பதில் சட்டென்று வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நாளைக்குப் பேசலாம்மா" என்று வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஒரு மணி நேரம் பேசினோம். அதில் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும். இரண்டிலும் பிள்ளைகள் முன்னால் நிற்கிறோம், குரலையும் உடம்பையும் வைத்துப் பிழைக்கிறோம். இரண்டையும் ஒரே ஆள் செய்த காலமும் நமக்கு உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது நடிகர்கள் எல்லாம் சிறுவர்கள். பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பவருக்கு நாடகக் கம்பெனிகளில் 'வாத்தியார்' என்றுதான் பெயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் பெல்கிரேட் தியேட்டர் 1965-ல் பள்ளிகளுக்கென்று ஒரு முறையை உருவாக்கியது. அதில் வேலை செய்தவர்களை நடிகர்-ஆசிரியர் என்று சேர்த்தே அழைத்தார்கள். சின்னக் கூட்டமாகப் பிள்ளைகளை உட்காரவைத்து, நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, "இப்ப என்ன செய்யலாம்?" என்று அவர்களிடமே கேட்கும் முறை அது. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் ஆரம்பித்த கல்வி நாடகக் குழுவும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் நம் பக்கம் இன்று ஒரு 23 வயதுப் பெண்ணின் கைக்கு வரும் வேலைகள் இப்படிச் சேர்ந்து வருவதில்லை. ஒன்று வேன், இல்லையென்றால் டைம்டேபிள்.

முதலில் வேன். காலை ஐந்தரைக்கு லாட்ஜில் எழுந்து, ஆறரைக்குச் சாமான் ஏற்றி, வழியில் இட்லி சாப்பிட்டு, அசெம்பிளி முடிவதற்குள் பள்ளிக்குள் இருக்க வேண்டும். எச்.எம். அறையில் சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் கடிதத்தைக் காட்ட வேண்டும். "எத்தனை நிமிஷம்? சத்தம் ரொம்ப இருக்குமா?" என்று அவர் கேட்பார். பிறகு மைதானத்துக்குப் போய் முதலில் வானத்தைப் பார்ப்போம். சூரியன் நடிகர் முகத்தில் அடித்தால் பரவாயில்லை, பிள்ளைகள் முகத்தில் அடிக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குமேல் கண் கூசினால் அந்தக் கூட்டம் நம் கையை விட்டுப் போய்விடும். வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மைக் இருந்தாலும் எடுக்காதீர்கள் என்பது எங்கள் குழுத் தலைவரின் கட்டளை. ஒருவர் கையில் மைக் வந்தால் மற்ற நாலு பேரும் ஊமையாகிவிடுவார்கள் என்பார். 600 பிள்ளைகளுக்கு வெறும் தொண்டை. பதினொன்றரைக்கு ஒரு ஷோ, சத்துணவு முடிந்ததும் இரண்டு மணிக்குப் பக்கத்து ஊரில் இன்னொன்று. சாப்பிட்ட பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், நமக்கும் வரும்.

இந்த வேலை கற்றுக்கொடுப்பதை வேறு எந்தப் பட்டறையும் கற்றுக்கொடுக்காது என்று இன்றும் நம்புகிறேன். முக்கியமாகக் காது. 80-வது ஷோவில் உங்கள் வசனம் தானாக ஓடும். அப்போதுதான் பார்வையாளரைக் கேட்கவே ஆரம்பிப்பீர்கள். திருநெல்வேலியில் ஓர் 'ஏலே' போட்டால் முன்வரிசை உருண்டு சிரிக்கும். அதே இடம் வேலூரில் சப்பென்று போகும். தர்மபுரியில் ஓர் இடைவெளி அதிகம் விட வேண்டும், நாகர்கோவிலில் விட்டால் பிள்ளைகளே அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் நாடகம் பிடிக்காவிட்டாலும் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும். அந்த விரல்தான் விமர்சகர். புதுச்சேரி வேலு சரவணனின் ஆழி குழு பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்றும் உண்டு. 1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டம் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மந்தையில் ஒரு கலைக்குழு வந்து நாடகம் போட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. சைக்கிள் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணாக நடித்த அக்காவை மறுபடி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் நான் நடிக்க வந்தது அந்த ஒரு மணி நேரத்தால்தான். ஆகவே, ஒரு தடவை வந்து போகிறவரால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அப்படியானால் வேனிலிருந்து ஏன் இறங்கினேன்? உடம்பு ஒரு காரணம். நான்காவது வருடம் குரல் கட்டி, இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். எனக்கு மாற்று ஆள் இல்லாததால் ஐந்தாவது நாளே மேடையேறினேன். அது முட்டாள்தனம், யாரும் செய்யாதீர்கள். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல.

கடைசி வருடம் நாங்கள் போட்டது பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய நாடகம். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் சத்தமாகச் சொல், நம்பும் ஒரு பெரியவரிடம் சொல், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழை என்று முடியும். ஒரு நடுநிலைப் பள்ளியில் ஷோ முடிந்து சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா?" என்றேன். பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் வருவீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். நாளைக்கு எங்களுக்கு 60 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர். வேன் ஹாரன் அடித்தது. அவள் வகுப்பு டீச்சரைத் தேடிப் போய், இந்தப் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள் என்று சொன்னேன். சாயங்காலம் லாட்ஜிலிருந்து 1098-க்கும் பேசினேன். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம், நாடகம் பிடித்துப்போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் நான்தானே "நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்" என்று அரை மணி நேரம் முன்னால் பாடிவிட்டு வந்தவள்.

அடுத்த ஜூனில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன்.

இப்போது டைம்டேபிள். எனக்குப் பெரிய அடி இங்கேதான் விழுந்தது. முதல் ஆறு மாதம் என் வகுப்புகள் பிரமாதமாகப் போயின. கதை சொல்வேன், ஐந்து குரலில் பேசுவேன், குரங்காகக் குதிப்பேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கரஸ்பாண்டன்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். டிசம்பரில் ஒரு நாள் எனக்குத் தொண்டை சரியில்லை. "இன்னைக்கு நீங்க செய்யுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். 42 பிள்ளைகளில் மூன்று பேர் எழுந்தார்கள். அந்த மூன்று பேரும் என்னைப் போலவே செய்தார்கள், என் குரங்கு, என் கிழவி. மற்றவர்கள் ஷோ தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஆறு மாதமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு டூர் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நல்ல நடிகர் என்பது வகுப்பறையில் ஒரு தடை. இதை நான் அழுத்திச் சொல்வேன். மேடையில் எல்லாக் கண்ணும் நம்மேல் இருந்தால் வெற்றி. வகுப்பில் எல்லாக் கண்ணும் நம்மேல் இருந்தால் அன்றைக்கு யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். வாயை மூடிக்கொண்டு ஓரத்தில் நிற்கவும், ஒரு பிள்ளை சொதப்பும்போது குறுக்கே போகாமல் இருக்கவும், 'நான் செய்துகாட்டட்டுமா' என்று நாக்கு நுனிவரை வருவதை விழுங்கவும் எனக்கு இரண்டு வருடம் ஆனது. இங்கிலாந்தின் டாரத்தி ஹீத்கோட் என்ற நாடகக் கல்வியாளர் ஒரு வழி வைத்திருந்தார். ஆசிரியரும் ஒரு பாத்திரமாகவே கதைக்குள் நுழைவார், ஆனால் பெரும்பாலும் உதவி தேவைப்படும் பாத்திரமாக. ஊர்த் தலைவராகப் போகாமல், வழி தெரியாத வெளியூர்க்காரராகப் போவது. அப்போது முடிவெடுக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். நடிகர்களுக்கு இது நல்ல வடிகால், நடிக்கவும் செய்யலாம், மைய இடத்தையும் விட்டுக்கொடுக்கலாம். ஏரியில் தண்ணீர் வற்றிப்போன ஊருக்கு வழி கேட்டு வந்த கிழவியாக நான் நின்ற ஒரு வகுப்பில், வழக்கமாகப் பின்பெஞ்சில் தூங்கும் பையன் எழுந்து, "பாட்டி, இந்தப் பக்கம் போகாதீங்க, அங்க மணல் லாரி ஓடுது" என்றான். ஐந்து குரலில் நான் பேசிய கதை எதற்கும் அவன் வாய் திறந்ததில்லை.

சின்ன விஷயங்களும் நிறைய உண்டு. பீரியட் 40 நிமிடம். பெஞ்சை ஒதுக்க ஆறு நிமிடம், திரும்பப் போட ஆறு நிமிடம், மிச்சம் 28. சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். கால்பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் 'போர்ஷன் முடியல' என்று நாடக பீரியட்டை வாங்கிக்கொண்டு போவார்கள்; அது திரும்பி வராது. நவம்பர் பிறந்தால் ஆண்டு விழா. அதுவரை நீங்கள் கட்டியது எல்லாம் நின்றுபோகும். 42 பேரில் தமிழோ ஆங்கிலமோ 'நல்லா' பேசும் ஆறு பேரைப் பொறுக்கி, மற்றவர்களை மரமாகவும் மேகமாகவும் நிறுத்தச் சொல்வார்கள். இதில்தான் நாடக ஆசிரியர்கள் அதிகம் சண்டை போட்டு அதிகம் தோற்கிறார்கள். நானும் பல தடவை தோற்றிருக்கிறேன்.

சட்ட விஷயம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாடகப் பயிற்சியில் தொடுதல் இல்லாமல் இருக்காது: கண்ணைக் கட்டி வழிநடத்துவது, சாய்வது, தாங்குவது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே அதன்படி குற்றம். நாடக வகுப்பில் பிள்ளைகள் மனம் திறப்பார்கள். கதை என்ற பெயரில் வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள். அப்படி ஒன்று காதில் விழுந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்பது முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், தொடும் பயிற்சி என்றால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைப் பயிற்சிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இது வேனுக்கும் பொருந்தும். ஆனால் அங்கே அரை மணி நேரத்தில் தப்பித்துவிடுவோம், இங்கே முடியாது.

சரி, பணம். அவள் முதலில் கேட்டதே இதுதான், நான்தான் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

டூர் சம்பளத்தை ஒரு ஷோவுக்கு எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் குறைந்தது 220 வேலை நாள் என்கிறது. அதில் ஜூன் தொடக்கத்தைக் கழியுங்கள். செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு, அவற்றுக்கு முந்தைய வாரங்கள், டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை மழை விடுமுறை, பிப்ரவரி பாதியிலிருந்து தேர்வுக் காய்ச்சல் எல்லாவற்றையும் கழியுங்கள். எந்தப் பள்ளியும் 'வாங்க' என்று சொல்லக்கூடிய நாள் என் கணக்கில் 110, 120-ஐத் தாண்டாது. அத்தனை நாளும் குழுவுக்கு ஷோ கிடைக்கவும் போவதில்லை. கணக்குக்காக ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், 70 நாள் என்று வைத்துக்கொள்வோம்: 84,000. எட்டு மாதத்துக்கு வகுத்தால் 10,500. வருடத்துக்கு வகுத்தால் மாதம் 7,000. சாப்பாடும் தங்கலும் குழுவின் செலவு என்பதால் கையில் நிற்கும், உண்மைதான். ஆனால் மார்ச்சிலிருந்து ஜூன்வரை நான்கு மாதமும் வீட்டுக்காரர் வாடகை கேட்கத்தான் செய்வார்.

பள்ளியில் அதே கணக்குக்கு மாதம் 20,000, பத்து மாதம் என்று வைத்தால் இரண்டு லட்சம். வருடத்துக்கு வகுத்தால் 16,666. பாதுகாப்பாகத் தெரியும். கவனிக்க வேண்டியது 'பத்து மாதம்' என்ற வார்த்தையை. சில பள்ளிகள் நாடகம், யோகா, சிலம்பம் ஆட்களை ஊழியராக எடுப்பதில்லை, 'கன்சல்டன்ட்' என்று எழுதிக்கொள்வார்கள். பி.எஃப். இல்லை, மே மாதச் சம்பளம் இல்லை, வருமான வரிக்கென்று 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பு மட்டும் உண்டு. அந்தப் பிடிப்பு போன பணம் அல்ல. உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். நான் முதல் மூன்று வருடம் வாங்கவில்லை. சொல்லித்தர ஆள் இல்லை.

அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைக்குமா என்று கேட்டாள். சிறப்பாசிரியர் என்றால் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்றுதான் பழக்கம். நாடகத்தை நம்பிக் காத்திருக்காதே என்றேன். பகுதிநேர ஆசிரியர்கள் கதையையும் நினைவுபடுத்தினேன். 2012-ல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அது மெல்ல மெல்ல ஏறி 2024-ல்தான் 12,500 ஆனது. நடுவில் எத்தனை போராட்டம் என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும்.

கொரோனாவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. எனக்கு அரைச் சம்பளமும் ஆன்லைன் வகுப்பும் இருந்தன. திரையில் 30 சின்னக் கட்டங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது கொடுமை, ஆனாலும் சோறு வந்தது. டூரில் இருந்த என் நண்பர்களில் ஒருவர் மீன் விற்றார், ஒருவர் உணவு டெலிவரிக்குப் போனார். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, விழிப்புணர்வுக்குக் கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பியபோதுதான் அவர்களில் சிலர் மறுபடி சலங்கை கட்டினார்கள்.

பெண்களுக்கு ஒரு பத்தி. டூரில் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது கழிவறை பற்றி. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் இரண்டு ஷோ அடித்து, மூன்றாவது மாதம் சிறுநீர்த் தொற்றோடு படுத்த பெண்களை எனக்குத் தெரியும், நானும் படுத்திருக்கிறேன். குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாளா, தனி அறையா, இரவில் வேன் ஓட்டுகிறார்களா? இரவுப் பயணம் என்றால் மறுத்துவிடுங்கள். பகல் முழுக்கச் சாமான் தூக்கிய ஆளே இரவில் ஸ்டியரிங் பிடிப்பது வழக்கம் ஆகிவிட்ட குழுக்கள் உண்டு.

இடையில் வேறு பாதைகளும் இருக்கின்றன. திரிபுராவின் அகர்தலாவில் தேசிய நாடகப் பள்ளி, கல்வி நாடகத்துக்கென்றே ஒரு வருடப் படிப்பு நடத்துகிறது; இரண்டையும் சேர்த்துக் கற்க விரும்புகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து நம் நாட்டில் அதைவிட நேரான வழி இல்லை. கர்நாடகத்தில் நீனாசம் என்ற நாடக அமைப்பு 1985 முதல் திருகாட்ட என்ற சுற்றுப்பயணக் குழுவை நடத்துகிறது. கன்னடம் வராது என்றாலும், ஒரு பயணக் குழுவை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஜவகர் சிறுவர் மன்றங்களில் வார இறுதி வகுப்புகள் உண்டு. அப்புறம் ஆண்டு விழா சீசன் காண்ட்ராக்ட்: டிசம்பரில் நுழைந்து, ஆறு வாரத்தில் ஒரு நாடகத்தை ஏற்றிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு கிளம்புவது. அதில் பணம் நன்றாகவே இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கற்பித்தேன் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, அதற்கும் பயிற்சி தர ஆள் தேடுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைக்கிறதே என்பதால் அதில் எனக்குப் புகார் குறைவு.

வாரத்தில் மூன்று நாள் பள்ளி, மூன்று நாள் டூர் என்று கலந்து செய்யலாமா என்பது அவளுடைய அடுத்த கேள்வி. நான் ஒரு வருடம் முயன்றிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கெட்ட பெயர் வாங்கினேன். ஷோ தேதி தள்ளிப்போனால் வகுப்பு அடிபடும், வகுப்பு அடிபட்டால் பிள்ளைகள் 'மிஸ் வரமாட்டாங்க' என்று முடிவுகட்டிவிடுவார்கள். நாளைக்கும் வருவோம் என்பதற்காகத்தானே அங்கே போகிறோம். ஒரு வருடம் இது, மறு வருடம் அது என்று பிரித்தால் நடக்கும்.

சரின்னு சொல்வதற்கு முன் கேட்க வேண்டியதையும் எழுதி அனுப்பினேன். குழுவிடம்: மழையால் ஷோ ரத்தானால் எனக்குப் பாதிச் சம்பளமாவது உண்டா, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எழுத்தில் இருக்கிறதா, எனக்கு உடம்பு முடியாவிட்டால் என் பாத்திரத்தை எடுக்க யாராவது தயாரா. கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்று பதில் வந்தால் என் தொண்டைக் கதையை நினைத்துக்கொள். பள்ளியிடம்: நாடகம் டைம்டேபிளில் இருக்கிறதா, இல்லை 'ஃப்ரீ பீரியட்' கிடைக்கும்போதா? பெஞ்ச் இல்லாத அறை ஒன்று உண்டா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆண்டு விழா என் பொறுப்பா, அப்படியென்றால் எல்லாப் பிள்ளைகளும் மேடையேறலாமா? சப்ஸ்டிட்யூஷனுக்கு என்னை வாரம் எத்தனை முறை அனுப்புவீர்கள்? அறை இல்லை என்று சொன்னால்கூடப் போகலாம். டைம்டேபிளில் இல்லை என்றால் போகாதே.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் தீர்ப்பையும் சொன்னேன்: முதலில் வேன். 23 வயது, வீட்டில் உடனே பணம் எதிர்பார்க்கும் நிலை இல்லை, குரல் புதுசு. இரண்டு சீசன் போய்வா, மூன்றாவது வேண்டாம். 200 ஷோவுக்குப் பிறகு நாடகம் உன் உதவி இல்லாமலே ஓடும், அதன் பிறகு நீ கற்பது குறைவு. அதன் பின் பள்ளிக்கு வந்தால், பிள்ளைகள் எப்போது மண்ணைக் கிளறுகிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த கண்ணோடு வருவாய். நேராகப் பள்ளிக்குப் போனால் உன் நடிப்பு ஆசை முழுவதையும் வகுப்பில் கொட்டுவாய், நான் கொட்டிய மாதிரி. வீட்டில் கடன் இருந்தாலோ, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலோ இதே கேள்விக்குப் பள்ளிக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன், யோசித்திருக்கவேமாட்டேன்.

ஜூலையில் வேனில் ஏறினாள். ஆகஸ்டில் ஒரு தடவை அழைத்து, வெந்நீரில் உப்பா, அதிமதுரமா என்று கேட்டாள். இரண்டும் சரி, முதலில் பேசாமல் இரு என்றேன். கோவைப் பள்ளி அவளை விட்டுவிடவில்லையாம். அடுத்த வருடம் வரை இடத்தை வைத்திருப்பீர்களா என்று கேட்டாளாம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா, ஜனவரியில ஒரு மாசம் மட்டும் வர முடியுமா?" என்றார்களாம். ஆண்டு விழா.